நண்டு வளை எங்கே? எடை குறையாதபோது அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வயலில் கட்டிய தண்ணீர் மறுநாள் காலையில் வடிந்து கிடந்தால் எங்கள் ஊரில் யாரும் வயலைத் திட்டுவதில்லை. வரப்போடு நடந்து நண்டு வளை எங்கே என்று தேடுவார்கள். மண்ணை மிதித்து அடைத்துவிட்டு, மறுநாள் வந்து தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். உடம்பு எடை விஷயத்தில் மட்டும் நாம் இப்படிச் செய்வதில்லை. எடை இறங்கவில்லை என்றதும் "எனக்கு வாய்க்கட்டு இல்லை" என்று நம்மையே திட்டிக்கொண்டு விட்டுவிடுகிறோம்.

நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் இருக்கிறேன். ஏழு வருடங்களுக்கு முன் என் எடை 79 கிலோ, உயரம் 158 செ.மீ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.3 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். முதலில் ஒரு பவுடரை நம்பி இரண்டு மாதத்தில் 6 கிலோ குறைத்தேன். அடுத்த ஐந்து மாதத்தில் 7 கிலோ ஏறியது. அப்புறம் வீட்டுச் சாப்பாட்டிலேயே நின்று, 14 மாதத்தில் 66 கிலோவுக்கு வந்தேன். ஐந்து வருடமாக 66க்கும் 68க்கும் நடுவில் இருக்கிறேன். சர்க்கரை 5.6. தெருவில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறையோடு வந்து கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அளவெடுக்கும் பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

தொடங்கும் முன்: அளவு சரியாக இருக்கிறதா?

எடை மெஷினைச் சமமான தரையில் வையுங்கள். பாய் மேலோ, ஓரம் சரிந்த சிமெண்டுத் தரையிலோ வைத்தால் ஒரு கிலோ முன்னே பின்னே காட்டும். காலையில் கழிப்பறை போய்விட்டு வந்து, காபி குடிக்கும் முன், ஏறக்குறைய அதே மாதிரி உடையில் நில்லுங்கள். வாரம் ஒரு நாள் போதும். தினமும் பார்ப்பவர்கள் ஏழு நாள் அளவைக் கூட்டிச் சராசரி எடுங்கள். ஒரு நாள் எண்ணை வைத்து எந்த முடிவும் வேண்டாம்.

இடுப்புக்கு ஒரு டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) கணக்கிலும் இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன். ஒரே எடையிலும் நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகச் சேர்வதால், உலகப் பொது அளவான 25, 30 என்ற கோடுகளை இங்கே கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள்.

முதல் இலக்கு இருக்கும் எடையில் 5 சதவீதம். 72 கிலோ என்றால் மூன்றரை கிலோ. கொஞ்சமாகத் தெரியலாம். ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ரத்தக் கொழுப்பும் இந்த அளவிலேயே இறங்கத் தொடங்கும்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு வளையை மட்டும் அடையுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, எதுவும் நிலைக்கவும் செய்யாது.

"நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான் அக்கா, ஆனாலும் இறங்கவில்லை"

என்னிடம் வரும் பத்தில் ஏழு பேர் சொல்வது இது. அவர்கள் பொய் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரிகிற சாப்பாடு உண்மையிலேயே கொஞ்சம்தான். தெரியாத இடங்கள் நான்கு.

முதலில் சோறு. நம் பக்கத்தில் ஒரு வேளைச் சாப்பாடு என்பது குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் "ஒரு கரண்டிதான்" என்று போட்டுக்கொள்கிறோம். நான் ஒரு நாள் சமையலறைத் தராசில் மூன்றையும் சேர்த்து நிறுத்தேன். 520 கிராம் வந்தது. வடித்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி, ஆகவே மதியச் சோறு மட்டும் 680 கலோரியை நெருங்கிவிட்டது. என் மாமனார் காலத்தில் இந்த அளவு சரியாக இருந்திருக்கும். அவர் விடியற்காலையில் மடை பார்க்கப் போனவர், நாற்று முடி சுமந்தவர். இன்று நடவுக்கும் இயந்திரம், அறுவடைக்கும் இயந்திரம், கடைத்தெருவுக்குப் போக ஸ்கூட்டி. வேலை போய்விட்டது, சோற்றின் அளவு மட்டும் அப்படியே நிற்கிறது.

சரிசெய்ய நான் கண்ட வழி: மொத்தச் சோற்றையும் ஒரே தடவையில் தட்டில் போட்டுக்கொண்டு, அதையே மூன்றாகப் பிரித்துக் குழம்பு, ரசம், மோர் என்று சாப்பிடுவது. இரண்டாம் தடவை பாத்திரத்தைத் தொடுவதில்லை. மூன்று ருசியும் கிடைக்கும். 520ஐ முதலில் 400 ஆக்கினேன், இரண்டு மாதம் கழித்து 300. குறைத்த இடத்தைக் காயால் நிரப்பினால்தான் நிற்கும். வாழைத்தண்டு, புடலங்காய், கொத்தவரை, சுரைக்காய், கீரை எல்லாம் நம் பக்கம் மலிவாகக் கிடைப்பவை. முதல் ஐந்து வாய் காயாக இருக்கட்டும்.

இரண்டாவது எண்ணெய். தினமும் ஸ்பூன் வைத்து அளக்க முடியாது. மாதக் கணக்கு போடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் செலவானால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல். ஏறக்குறைய 340 கலோரி. எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். நல்லெண்ணெய், செக்கு எண்ணெய் என்பதால் அது குறையாது. கறுப்புச் சட்டியில் நேராக ஊற்றாமல் ஒரு குழிக்கரண்டி அளவு வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு லிட்டர் குறைத்துப் பாருங்கள். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது காபி. டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு காபியை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு நான்கு தம்ளர், தம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம். மாதத்துக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை காபி வழியாக மட்டும் போகிறது. ஸ்பூனை ஒன்றரை ஆக்கி இரண்டு வாரம், பிறகு ஒன்று, பிறகு அரை. நாக்கு பழகிவிடும். எனக்கு இப்போது கல்யாண வீட்டுக் காபியைப் பாதிக்கு மேல் குடிக்க முடிவதில்லை.

நான்காவது மிச்சம். இதைப் பெண்களுக்காகவே எழுதுகிறேன். பிள்ளை வைத்துவிட்டுப் போன அரை தோசை, பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பொங்கல், "வீணாகிவிடுமே" என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்ளும் கடைசிக் கரண்டி. சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், எனக்கும் அது வலிக்கும். அதனால் உலை வைக்கும்போதே ஒரு கைப்பிடி அரிசியைக் குறைத்தேன். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலை உணவாகவே அதைக் கணக்கில் சேர்த்தேன். பழைய சோறு தனியாக எடையைக் குறைக்காது, ஆனால் இட்லிக்குப் பதிலாக வந்தால் நல்ல சாப்பாடு. இட்லியும் சாப்பிட்டுப் பழையதும் சாப்பிட்டால்தான் சிக்கல்.

இந்த நான்கையும் மூன்று நாள் நோட்டில் எழுதுங்கள். அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும்.

"சாயங்காலம் ஆறு மணியானால் கை நடுங்குகிற மாதிரி பசி"

(சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படிக்காமல் கீழே "தலைசுற்றல்" பகுதிக்குப் போங்கள்.)

மற்றவர்களுக்கு, ஆறு மணிப் பசியின் காரணம் பெரும்பாலும் காலையிலும் மதியத்திலும் இருக்கிறது. மூன்று இட்லி, சட்னி. மதியம் சோறு, ரசம், ஒரு பொரியல். இதில் புரதம் மிகக் குறைவு. ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்குச் சுமார் 50 கிராம். 100 கிராம் சோற்றில் இருப்பதோ இரண்டரை கிராம்தான். புரதம் குறைந்தால் வயிறு நிறைந்த உணர்வு சீக்கிரம் போய்விடும். எடை குறையும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரம் காய்வதற்குள், நிற்கிற நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளிக்கிறோம். தை, மாசியில் டெல்டா முழுக்கப் பயறு பச்சையாக நிற்கும். அதில் நூற்றுக்கு 24 பங்கு புரதம். விளைந்ததும் மூட்டை கட்டி விற்றுவிட்டு, நம் தட்டில் சோற்றை மட்டும் குவித்துக்கொள்கிறோம். வீட்டுக்கு இருபது கிலோ பயறு நிறுத்தி வையுங்கள். 50 கிராம் பயறு ஊற வைத்துச் சுண்டல் செய்தால் 12 கிராம் புரதம். நான்கரை மணிக்கு அதைச் சாப்பிட்டுவிட்டால் ஆறு மணிக்குப் பஜ்ஜிக் கடை கண்ணில் படாது. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சுலபம். முட்டை ஒன்றில் 6 கிராம். நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியும் நெத்திலியும் குழம்பாகட்டும், பொரித்தால் எண்ணெய்க் கணக்கு திரும்ப வந்துவிடும். சாம்பாரில் பருப்பைக் கெட்டியாகப் போடுவதும் செலவில்லாத மாற்றம்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதால் கொள்ளு ரசம் குடித்தால் போதுமா என்று கேட்கிறார்கள். கொள்ளு நல்ல புரதம், ஆனால் சுண்டலாகச் சாப்பிட்டால்தான். ரசத்தில் இறங்குவது மிகக் கொஞ்சம். எதுவும் கொழுப்பை உருக்காது. எலுமிச்சை, தேன், வெந்நீரும் அப்படியே.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

"முதல் இரண்டு வாரம் மூன்று கிலோ இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது"

பழுது ஒன்றுமில்லை. ஈரலும் தசையும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தோடு ஒட்டிக்கொண்டு, கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரும் இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் வெளியேறுவது அந்தத் தண்ணீர். கொழுப்பு மெதுவாகத்தான் போகும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. நாளைக்கு 400 கலோரி குறைத்தால் கிலோவுக்கு மூன்று வாரம் ஆகும். இது நிலைக்கிற வேகம். மிக வேகமாக இறங்கினால் முடி கொட்டுவதும் பித்தப்பைக் கல்லும் சேர்ந்து வரலாம்.

ஆறேழு மாதம் கழித்து நின்றால் அது வேறு. நான்கு வாரம் சராசரியும் அசையவில்லை, இடுப்பு அளவும் அசையவில்லை என்றால்தான் நின்றுவிட்டது என்று கொள்ளுங்கள். இளைத்த உடம்புக்குச் செலவு குறைவு. அதோடு கரண்டியும் மெல்ல மெல்லக் கூம்பாகிவிடும். திரும்ப ஒரு நாள் தராசை எடுங்கள். எனக்கு 300 கிராம் என்று நினைத்துக்கொண்டிருந்தது 390 ஆகியிருந்தது.

"ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது"

நேற்று கல்யாணச் சாப்பாடா? ஊறுகாய், அப்பளம், கருவாடா? உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் ஏறும். மூன்று நாள் வழக்கமான சாப்பாடு, பிறகு பாருங்கள். அன்றைக்குப் பட்டினி கிடக்க வேண்டாம், அது இரவில் இரட்டிப்பாகத் திரும்பும்.

"தினமும் நடக்கிறேன், பலனே இல்லை"

70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் கூடுதலாகச் செலவாவது 50 கலோரி அளவில்தான். நான்கு கிலோமீட்டர் நடந்து 200 கலோரி செலவழித்து, திரும்பும் வழியில் டீக்கடையில் இரண்டு மெதுவடையும் ஒரு டீயும் ஆனால் கணக்கு நேராகிவிடும். எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டு. குறைந்த எடையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நடை. அதனால் நடப்பதை விட்டுவிடாதீர்கள்.

எடை இறங்காவிட்டாலும் நடைக்குப் பலன் உண்டு. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை வாசலில் இருந்தவர்களுக்கு உணவும் நடையும் மாற்றியபோது மூன்று வருடத்தில் நோய் வருவது சுமார் 28 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாக இறங்கவே இல்லை.

வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகம். ஆற்றங்கரைச் சாலை, வாய்க்கால் கரை, மாவட்டந்தோறும் 2023ல் போட்ட எட்டு கிலோமீட்டர் நடைபாதை, எது பக்கமோ அது. ஐப்பசி, கார்த்திகையில்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தெருவெல்லாம் சேறு, விடாத மழை. அதற்கு ஒரு மாற்று இப்போதே வைத்திருங்கள்: கோயில் பிராகாரம், இல்லையென்றால் வீட்டுக்குள் கூடத்திலிருந்து கொல்லை வரை இருபது நிமிடம். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பன்னிரண்டு தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பன்னிரண்டு தடவை. தசைக்கு இது வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

"வீட்டில் எனக்கென்று தனிச் சமையல் முடியாது"

வேண்டவும் வேண்டாம். தனிச் சமையல் இரண்டு மாதத்துக்கு மேல் எந்த வீட்டிலும் நிற்காது. என் மாமியார் முதலில், "ஏம்மா, சோறு சாப்பிடாமல் எப்படி உடம்பில் தெம்பு இருக்கும்?" என்று கவலைப்பட்டார். "சோறு சாப்பிடுறேன் அத்தை, காயைத்தான் கொஞ்சம் சேர்த்துக்கிறேன்" என்றேன். வாதம் அதோடு முடிந்தது. ஒரே பாத்திரம், ஒரே குழம்பு. காய் மட்டும் ஒன்றுக்குப் பதில் இரண்டு. மாப்பிள்ளைச் சம்பா, கறுங்குறுவை வாங்க முடிந்தால் நல்லது. தவிடு நீக்காத அரிசியில் நார் அதிகம், சீக்கிரம் வயிறு நிறையும். ஆனால் அரிசி அரிசிதான், அளவு வேண்டும்.

"தலைசுற்றல், வியர்வை, படபடப்பு"

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தடுமாறுபவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அதை மருத்துவர் செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இந்த வழிமுறையைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம்.

"எல்லாம் செய்துவிட்டேன், மூன்று மாதமாக அசையவில்லை"

நோட்டு நேர்மையாக இருக்கிறது, அளவு சரி என்றால் பரிசோதனைக்குப் போங்கள். சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி கொட்டுவது இருந்தால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை. மாதவிடாய் தள்ளிப்போய், முகத்தில் முடி வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டி. சத்தமான குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடை. ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட் எடையைக் கூட்டும். இதைச் சொன்னால் மாற்று உண்டா என்று மருத்துவர் பார்ப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள்.

தூக்கத்தையும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரவு ஐந்து மணி நேரம் தூங்குபவருக்குப் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும். போன் பார்த்தபடி பதினொன்றரை மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறப்பது அதனால்தான்.

"குறைத்தேன். ஒரே வருடத்தில் எல்லாம் திரும்பிவிட்டது"

எனக்கும் நடந்தது, வேதனையானது. ஆனால் இதில் உடம்பின் பங்கு பெரிது. எடை குறைந்தபின் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடியும், நிறைவைச் சொல்லும் சுரப்புகள் குறைந்தும் இருக்கின்றன. ஒரு வருடம் கழித்தும் அப்படியே இருந்ததை 2011ல் ஆஸ்திரேலியாவில் அளந்து காட்டினார்கள். அதனால் இலக்கைத் தொட்டதும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்பும். தொடர்ந்து செய்ய முடியாத எதையும் முதலிலேயே செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். சோற்றையே விடச் சொல்லும் முறை டெல்டாவில் எத்தனை நாள் நிற்கும்?

அமெரிக்காவில் 1994 முதல், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது காப்பாற்றியவர்களின் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், காலை உணவை விடுவதில்லை, நாளைக்கு ஒரு மணி நேர அளவில் உடலை அசைக்கிறார்கள்.

நான் சுவரில் ஒரு கோடு வைத்திருக்கிறேன்: 68. அதைத் தொட்டால் அன்றே நோட்டு வெளியே வரும், இரண்டு வாரம் எழுதுவேன், சோற்றுத் தராசு இறங்கும். நான்கு கிலோ ஏறும் வரை காத்திருந்தால் மனசு விட்டுப்போகும். வருடத்தில் எந்த மாதம் ஏறும் என்பதும் இப்போது தெரியும். ஐப்பசியில் தீபாவளியும் மழையும் சேர்ந்து வரும். தையில் பொங்கல், அதைத் தொடர்ந்து மாசி வரை முகூர்த்தங்கள். வைகாசி, ஆவணியில் திரும்பவும் கல்யாணங்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் சித்திரான்னம் வயிறாரச் சாப்பிடுவேன், அது வருடத்துக்கு ஒரு நாள். வாரத்துக்கு மூன்று முகூர்த்தம் வந்தால் மட்டும் ஒரு ஏற்பாடு: இலையில் இனிப்பு ஒன்று, வடை ஒன்று, காயை இரண்டாம் தடவை கேட்டு வாங்குவது, சோறு சாம்பாருக்கும் மோருக்கும் மட்டும். அன்றிரவு வீட்டில் மோரும் சுண்டலும்.

"ஏன் இப்படி இளைத்துவிட்டாய், உடம்புக்கு ஏதாவது?"

இதுவும் ஒரு அறிகுறிதான், ஊராரிடமிருந்து வருவது. எட்டு கிலோ இறங்கியதும் தொடங்கும். முகம் வற்றியதாகச் சொல்வார்கள், தட்டில் இன்னொரு கரண்டி வைப்பார்கள். அன்பால்தான், ஆனால் பலர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கி, தாகமும் அடிக்கடி சிறுநீரும், அல்லது விடாத இருமலும் இருந்தால் அவர்கள் கவலை நியாயம், உடனே சர்க்கரையும் சளியும் பரிசோதிக்க வேண்டும். நீங்களாகக் குறைத்தது என்றால் பரிசோதனைத் தாளைக் கைப்பையில் வைத்திருங்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா மூன்றாவது முறை கேட்டபோது நான் தாளை எடுத்துக் காட்டினேன். 6.3 என்பதையும் 5.6 என்பதையும் விரலால் தொட்டுப் பார்த்தார். மறுவாரம் காலை ஐந்தரைக்கு, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, எங்கள் வாசலில் நின்றார். அன்று பாலம் வரை போய்த் திரும்பினோம்.